எழுபத்தோராவது நிமிடம்

நீங்கள் எழுதிய விமர்சனத்தை நான் பதினேழு தடவை படித்திருக்கிறேன் சார். பயப்படாதீர்கள், சண்டைக்கு வரவில்லை. பூந்தமல்லியில் நீங்கள் ஏறும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. பேப்பரில் போடுகிற படத்தில் மீசை இருக்கிறது, நேரில் இல்லை. ஆனால் இடது புருவத்தில் அந்தத் தழும்பு இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பீர்கள்? எனக்கு அதுதான் தொழில். ஒரு ஆளை ஒரு தடவை பார்த்தால் சட்டையில் எந்தப் பட்டன் போடவில்லை என்பது வரைக்கும் நினைவில் நிற்கும்.

வேலூர்தானே? டிக்கெட் வாங்கும்போது காதில் விழுந்தது. நானும் வேலூர்தான். அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் போகாமல் முடியுமா.

என் பெயர் தணிகைவேல். ‘ஷட்டருக்கு இந்தப் பக்கம்’ படத்தில் இணை இயக்குநர். ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் இல்லையா, அந்தக் கன்டினியூட்டி முழுக்க என் பொறுப்பு. நீங்கள் மூன்று பத்தி எழுதினீர்களே, அதே படம்தான்.

பலம், பலவீனம் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தீர்கள். பலம் என்று சொன்னதெல்லாம் நியாயம் சார். ஒரே ஒரு மருந்துக்கடை, கடையடைப்பு நாள், பாதி இறக்கிய ஷட்டர், உள்ளே ஒரு கம்பவுண்டர், தேடி வருகிற ஆறு பேர். ஒன்றரை மணி நேரம் கேமரா வெளியே தலை நீட்டவில்லை. ‘பார்ப்பவனுக்கும் மூச்சு முட்டுகிறது’ என்று எழுதினீர்கள். பலவீனத்தில், இரண்டாம் பாதியில் அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள், போக வேறு இடம் இல்லாததால் கதையும் போகவில்லை என்றீர்கள். அதுவும் நியாயம். நானே டிஸ்கஷனில் சொன்னேன், யார் கேட்டார்கள்.

கடைசியில் ஒரு வரி எழுதினீர்கள். மனப்பாடமாகச் சொல்கிறேன். ‘எழுபத்தோராவது நிமிடத்தில் ரேக்கின் காலடியில் பளபளவென்று கிடக்கும் கண்ணாடித் துண்டுகள் அடுத்த ஷாட்டில் மாயமாகின்றன, ஒரே அறையில் எடுத்த படத்தில் இவ்வளவு பெரிய கன்டினியூட்டி கோளாறு மன்னிக்க முடியாதது.’

மன்னிக்க முடியாதது. ஆமாம், மனிதர்கள்தானே, தப்பு வரும். ஆனால் அந்தத் தப்பு என்னுடையது இல்லை சார். போன மாதம் ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போனேன். நாற்பது நிமிடம் கேட்டார். நன்றாகக் கேட்டார். முடித்ததும், “நீங்கதானே அந்த மருந்துக்கடை படத்துல கன்டினியூட்டி?” என்றார். அவ்வளவுதான். காபி வந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டேன். எட்டு வருஷ உழைப்பு சார்.

அதனால் நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே முடிவு பண்ணுங்கள். டோல்கேட்டில் எப்படியும் கால் மணி நேரம் நிற்கும்.

ஒரே இடத்தில் நடக்கிற சண்டைப் படம் என்றால் மற்றவர்களுக்கு என்ன தோன்றும்? செலவு குறைவு, அலைச்சல் இல்லை. கன்டினியூட்டி பார்க்கிறவனைக் கேட்டால் தெரியும். மற்ற படத்தில் கல்யாண மண்டபத்தில் அடித்து நொறுக்கினால், மறுநாள் கூட்டிப் பெருக்கிவிட்டு மார்க்கெட் சீனுக்குப் போய்விடலாம். இங்கே கதையில் ஒன்றரை மணி நேரம்; எடுப்பது இருபத்திரண்டு நாள். இரண்டாம் நாள் உடைந்த டானிக் பாட்டில் இருபத்திரண்டாம் நாள் வரை விழுந்த இடத்திலேயே விழுந்து கிடக்க வேண்டும். சிந்திய குளுக்கோஸ் தண்ணீர் காய்ந்தால் அதே வடிவத்தில் மறுபடி ஊற்ற வேண்டும். துடைப்பத்தைத் தடை செய்த படம் சார் அது. கதவில் நானே எழுதி ஒட்டினேன்: ‘கூட்டாதே, எடுக்காதே, நகர்த்தாதே.’

அம்பத்தூர் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டில் செட் போட்டிருந்தோம். கடையில் எல்லாமே கண்ணாடி. அடிக்கிறவர்களுக்கும் விழுகிறவர்களுக்கும் வாகாக எல்லாமே டம்மி கண்ணாடி. ரெசின் ஊற்றிச் செய்வது. மேலே விழுந்தாலும் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஃபைட்டர்கள் அதை ‘நம்ம சரக்கு’ என்பார்கள். அதில் ஒரு ரேக்குக்கு மட்டும் சரக்கு பற்றவில்லை. பின்பக்கம், யாரும் போகாத மூலை. ஆர்ட் டிபார்ட்மெண்ட் அங்கே நிஜக் கண்ணாடியைப் பொருத்திவிட்டார்கள். தப்பென்று சொல்ல முடியாது. அங்கே சண்டையே கிடையாது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம். ஃபைட்டர்களை அனுப்பியாகிவிட்டது. ஹீரோ தனியாக மூச்சு வாங்குகிற ஷாட் இரண்டு பாக்கி. கேமராவோடு பின்னால் நகர்ந்த பையன் முதுகு பட்டு அந்த ரேக் கண்ணாடி சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் எடுக்கச் சொல்லி வாயைத் திறப்பதற்குள் கேமராமேன், “யாரும் தொடாதீங்க” என்றார். ஷட்டர் இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் அந்தத் துண்டுகளில் பட்டுச் சுவரில் போய் ஆடுகிறது. டம்மி கண்ணாடி எத்தனை லைட் போட்டாலும் அப்படி மின்னாது சார், மங்கலாகத்தான் இருக்கும். டைரக்டர் நவநீதன் குனிந்து பார்த்துவிட்டு, “இது தானா வந்தது தணிகை. இருக்கட்டும்” என்றார். இரண்டு ஷாட்டிலும் அது ஃபிரேமில் விழுந்தது.

விழுந்துவிட்டால் முடிந்தது. எஸ்டாப்ளிஷ் ஆகிவிட்டது என்போம். ஒரு பொருள் ஒரு தடவை ஃபிரேமில் விழுந்துவிட்டால் அது கதையில் இருக்கிறது. அப்புறம் அதை எடுக்க டைரக்டருக்கே உரிமை கிடையாது.

நான் என் வேலையைச் செய்தேன். பதினோரு துண்டு. ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸ் வட்டம், நம்பர், போட்டோ. மற்ற துண்டுகளுக்கு ‘ட’, டம்மி. இந்தப் பதினொன்றுக்கும் சிவப்பு மையில் ‘நி’, நிஜம். ஏழாம் நம்பர்தான் பெரியது. ஒரு சாண் நீளம், ரேக்கின் காலில் சாய்ந்து நின்றது, நுனி மேலே பார்த்த மாதிரி. அது எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதைக்கூட அளந்து எழுதியிருக்கிறேன். வேறு எந்த இணை இயக்குநர் எழுதுவான், சொல்லுங்கள்.

மறுநாள் காலை செட்டில் வேலை பார்க்கிற கன்னியம்மா அங்கே குந்திக்கொண்டு துண்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

“சார், இதோட கூரு வேற மாதிரி இருக்குது. கால்ல ஏறுனா எலும்பத் தொடும். ஒரு நிமிசம், வாரிப் போட்டுர்றேன்.”

“அம்மா, அது நடிச்சிக்கிட்டு இருக்கு. நீ போ.”

எல்லாரும் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்துக்கொண்டேதான் போனது. சொல்லப்போனால் அன்றைக்கு செட் நல்ல கலகலப்பாக இருந்தது.

சுங்குவார்சத்திரம் தாண்டிவிட்டதா? சரி. இப்போதுதான் கதையில் பரசு வருகிறான்.

பரசுராமன். ஃபைட்டர். பதினாலு வருஷ அனுபவம். மாடியிலிருந்து விழு என்றால் எந்தத் தோளில் விழ வேண்டும் என்று கேட்பான், அவ்வளவு சுத்தமான வேலை. ஊர் காவேரிப்பாக்கம், இதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரத்தில் வரும். படத்தில் அந்த ஆறு பேரில் பச்சைச் சட்டை அவன்தான். அன்றைய ஷாட்டில் ஹீரோ அவனைத் தூக்கி கவுன்டர் மேலே வீச வேண்டும். அவன் உருண்டு இடது பக்கம் தரையில் விழ வேண்டும். விழுகிற இடத்துக்கு வெள்ளை டேப்பில் மார்க். மார்க்குக்கும் பதினோரு துண்டுக்கும் நடுவில் நாலடி. நானே டேப் வைத்து அளந்தேன். அகலமான ஷாட், முழு அறையும் தெரியும், அதனால் மெத்தை போட வழியில்லை. ஸ்டண்ட் மாஸ்டர் எத்திராஜ் ரிகர்சல் பார்த்தார், சரி என்றார்.

ரிகர்சல் முடிந்து பரசு என்னிடம் வந்தான். கையில் போட்டிருந்த செம்புக் காப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். விழும்போது சதையைக் கிழிக்கும் என்று எப்போதும் யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போவான். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது கேட்டான்.

“சார், அந்த ஓரத்துல கெடக்கிறது நம்ம சரக்குதானே?”

“உன் மார்க் இங்க இருக்கு பரசு. நீ எதுக்கு அங்க போற?”

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தான். தலையாட்டிவிட்டுப் போனான்.

நான் பொய் சொல்லவில்லை சார், கவனித்தீர்களா? நம்ம சரக்கு என்று நான் சொல்லவே இல்லை. அவன் மார்க் எங்கே என்பதைச் சொன்னேன். அது சரியான தகவல். ஷாட்டுக்கு முன்னால் ஒரு ஃபைட்டரைக் குழப்பக் கூடாது. மனதில் பயம் வந்தால்தான் கால் தடுமாறும். மாஸ்டர் கேட்டிருந்தால் ஃபைலையே காட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

முதல் டேக் நன்றாக வந்தது. மார்க்கில் கச்சிதமாக விழுந்தான். ஆனால் ஹீரோவுக்குத் திருப்தி இல்லை; வீசியது நிஜமாகத் தெரியவில்லை, இன்னொன்று போகலாம் என்றார். இதற்குள் தரையில் குளுக்கோஸ் தண்ணீர் காய்ந்துபோயிருந்தது. நான் போய் அதே வடிவத்தில் ஊற்றினேன். போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன்.

இரண்டாவது டேக். மணி பன்னிரண்டே கால். ஹீரோ இந்தத் தடவை முழு பலத்தோடு வீசினார். பரசு மார்க்கில்தான் விழுந்தான், அதில் குறை சொல்ல முடியாது. விழுந்த இடத்தில் நிற்கவில்லை. ஈரத்தில் வழுக்கினான். தரையில் ஒரு சத்தம், துணியைத் தரதரவென்று இழுக்கிற மாதிரி. நாலடி. ரேக் காலில் தலை மோதாமல் இருக்க வலது கையை நீட்டினான்.

நான் மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத் திரை. ஏழாம் நம்பர் இருந்த இடத்தில் அவன் உள்ளங்கை இருந்தது.

அவன் கத்தவில்லை சார். அதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன். கட் சொல்கிற வரைக்கும் விழுந்தவன் அசையக் கூடாது என்பது ஃபைட்டர்களுக்குப் பழக்கம். அசைந்தால் ஷாட் போச்சு, மறுபடி விழ வேண்டும். ஹீரோ முகத்தை நோக்கிக் கேமரா மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, அவர் நன்றாக நடித்துக்கொண்டிருந்தார், டைரக்டர் கட் சொல்லவில்லை. பதினோரு செகண்ட். பரசு கவிழ்ந்து கிடந்தபடியே கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். மானிட்டர் பக்கத்தில் நான் நிற்பது அவனுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். தெரிந்தது. ஆனால் கட் சொல்ல நான் யார் சார்? இணை இயக்குநர் கட் சொன்னதாக எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பச்சைச் சட்டையின் முழங்கை வரைக்கும் சிவப்பு ஏறியது. கட் சொன்னதும் ஓரிருவர் கைதட்டினார்கள், மேக்கப் ரத்தம் என்று நினைத்து. அந்த ஷாட்தான் படத்தில் இருக்கிறது. எழுபத்தோராவது நிமிடம். அதைப் பற்றியும் எழுதினீர்கள், பலத்தில்: ‘தமிழ்ப் படங்களில் ரத்தம் எப்போதும் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும், இங்கே ஒரு ஷாட்டிலாவது நம்பும்படி இருக்கிறது.’ அந்த வரியைப் படித்ததும் மேக்கப்மேனுக்குப் போன் போட்டேன். பேச்சை எடுத்ததுமே வைத்துவிட்டார்.

என்ன சார், தண்ணீர் வேண்டுமா? என்னிடம் பாட்டில் இருக்கிறது. இல்லையா? சரி.

இனிமேல்தான் உங்கள் வரிக்கு வருகிறேன். பரசுவைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். மாஸ்டர் எத்திராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குழப்பத்தில் புரொடக்‌ஷன் ஆட்கள் நாலு பேர் துடைப்பமும் வாளியுமாக வந்து அந்த மூலையைச் சுத்தமாகக் கூட்டிக் கழுவிவிட்டார்கள். “எடுக்காதீங்க, எஸ்டாப்ளிஷ் ஆயிடுச்சு” என்று கத்தினேன். தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் பதினோரு துண்டும் சாக்குமூட்டையில் போய்விட்டது. மதியம் மூன்று மணிக்கு அடுத்த ஷாட், ஹீரோ கால்ஷீட்டில் ஒரு நாள்கூட வீணாக்க முடியாது. அதே பளபளப்புக்கு நான் எங்கே போவேன்? துண்டுகள் இல்லாமலே எடுத்துவிட்டார்கள்.

அப்படித்தான் உங்கள் ‘மாயம்’ நடந்தது. சொல்லுங்கள், இது கன்டினியூட்டி கோளாறா?

ஓச்சேரி வந்துவிட்டது.

பரசுவா? கையில் நரம்பு அறுந்துவிட்டது சார். இரண்டு ஆபரேஷன். கட்டை விரல் அசைகிறது, மற்ற நாலும் மடங்கவில்லை. கயிற்றைப் பிடிக்க முடியாதவன் என்ன ஃபைட்டர்? ஊரோடு வந்துவிட்டான். ஃபைட்டர்கள் சங்கத்தில் மனு கொடுத்திருக்கிறான், செட்டில் நிஜக் கண்ணாடி இருந்தது என்று. செட்டில் இருந்தது எல்லாமே டம்மி, கையில் போட்டிருந்த காப்புதான் கிழித்துவிட்டது, அவன் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. கூட்டிய துண்டுகள் எங்கே போயினவோ. அவன் சொல்வதற்குச் சாட்சி இல்லை. திங்கட்கிழமை விசாரணை. தோற்றால் அவனுடைய சங்கக் கார்டையே பறித்துவிடுவார்கள், கவனக்குறைவான ஆள் என்று. அப்புறம் வைத்தியத்துக்கும் சங்கம் வராது, ஒன்றும் வராது.

என்னையும் சங்கத்திலிருந்து போனில் கேட்டார்கள். நிஜக் கண்ணாடி வைக்கச் சொல்லி டைரக்டர் சொன்னாரா என்றார்கள். சொல்லவில்லை என்றேன். உண்மைதானே? அவர் வைக்கச் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றுதான் சொன்னார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன்.

காப்பு? அது என் பையில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். காவேரிப்பாக்கம் ஸ்டாப்பில் இறங்கினால் ரைஸ் மில் ஒன்று, அதற்கு எதிர்ச் சந்து, வலது பக்கம், நீலக் கதவு. அவன் மனைவி அம்சவேணி காபி கொடுத்தது. பரசு டம்ளரை இடது கையால் பிடித்து, வலது மணிக்கட்டால் முட்டுக் கொடுத்துக் குடித்தான். காப்பை மேஜை மேல் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே மறுபடி அதையே கேட்டான் சார், விடாக்கண்டன்.

“சார், அது நம்ம சரக்கா?”

“உடம்பப் பாத்துக்க பரசு” என்றேன்.

“நீங்க ஆமான்னு சொல்லிட்டாக்கூட போதும் சார். என் தப்புதான்னு நானும் நம்பிட்டுப் போறேன்.”

நான் எப்படி ஆமாம் என்று சொல்வேன்? பொய் ஆகிவிடுமே. எழுந்து வந்துவிட்டேன்.

ஃபைலா? இருக்கிறதே. எட்டு மாதமாக இந்தப் பையில்தான் இருக்கிறது. எங்கே போனாலும் கொண்டுபோகிறேன், யாராவது கன்டினியூட்டி பற்றிப் பேசினால் காட்ட வேண்டுமே. இதோ பாருங்கள். பன்னிரண்டாம் நாள், மாலை ஐந்து நாற்பது. பதினோரு வட்டம். சிவப்பு ‘நி’ தெரிகிறதா? ஏழு இங்கே. கீழே என் கையெழுத்து, தேதி. அடுத்த பக்கம், பதிமூன்றாம் நாள் காலை ஒன்பது ஐந்து. ஒரு நூல்கூட நகரவில்லை.

வேறு யாரிடம் காட்டினேன் என்றா கேட்டீர்கள்? யாரிடமும் இல்லை. யாரும் கேட்கவில்லையே சார்.

போட்டோ எடுத்துக்கொள்கிறீர்களா? தாராளமாக. நேராகப் பிடியுங்கள், தேதி விழ வேண்டும். பஸ் ஆடுகிறது, இருங்கள், நான் ஃபைலைப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் எடுங்கள். திருத்தம் போடும்போது இதையே போட்டுவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. சின்னதாக, நாலு வரி போதும்: ‘அது கன்டினியூட்டி கோளாறு அல்ல.’ என் பெயரையும் போட்டுவிடுங்கள். தணிகைவேல். இனிஷியல் ம.

ஏரி வந்துவிட்டது பாருங்கள். தண்ணீர் குறைவுதான் இந்த வருஷம்.

என்ன சார், பையை எடுக்கிறீர்கள்? இது காவேரிப்பாக்கம். வேலூருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே. டிக்கெட் வேலூருக்குத்தானே வாங்கினீர்கள்?

சார்.

கண்டக்டர், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், அவர் தப்பாகப் போகிறார். சார், அந்தப் பக்கம் இல்லை. நான் வலது என்று சொன்னது சந்துக்குள் மில்லைப் பார்த்து நிற்கும்போது. ரோட்டிலிருந்து போனால் இடது பக்கம். நீலக் கதவு.